டாக்டர் கேட்ட கேள்வியைக் கட்டளையாக மாற்றாதீர்கள்

மாணவர்களே, உங்களில் எத்தனை பேர் தாத்தாவையோ பாட்டியையோ அரசாங்கக் கிளினிக்குக்குக் கூட்டிச் சென்றிருக்கிறீர்கள்? பாரிட் புந்தாரில் என் வகுப்பில் இதைக் கேட்டால் கைகள் சட்டென்று உயர்கின்றன. அப்பா தொழிற்சாலையில் ஷிப்ட் வேலைக்குப் போயிருப்பார். அம்மாவுக்கு விடுப்பு கிடைத்திருக்காது. பள்ளி விடுமுறையில் வீட்டில் இருக்கும் நீங்கள்தான் துணை. அங்கே போனதும் உங்களுக்கு இன்னொரு வேலையும் வந்து சேரும். டாக்டர் மலாயில் பேசுவார். பாட்டிக்குத் தெரிந்தது கடைத்தெருவுக்குப் போதுமான மலாய். நடுவில் மொழிபெயர்ப்பாளராக நீங்கள்.

அந்த இடத்தில் அடிக்கடி இப்படி நடக்கிறது. "ஆன்ட்டி ஒரு நாளைக்கு எத்தனை தடவை தே குடிக்கிறார்?" என்று டாக்டர் கேட்கிறார். நீங்கள் பாட்டி பக்கம் திரும்பி, "பாட்டி, தே குடிக்காதீங்கன்னு டாக்டர் சொல்றாரு" என்கிறீர்கள். பாட்டி "சரிப்பா" என்று தலையாட்டுகிறார். நீங்கள் டாக்டரிடம், "டுவா காலி, டாக்டர்" என்கிறீர்கள். டாக்டர் இரண்டு முறை என்று எழுதிக்கொள்கிறார். யாரும் பொய் சொல்ல நினைக்கவில்லை. ஆனால் டாக்டர் கேட்டது பாட்டியின் காதுக்குப் போகவில்லை. பாட்டியின் பதில் டாக்டரின் காதுக்கு வரவில்லை.

இதில் சிரிக்க இடம் உண்டு. ஆனால் அங்கே சிகிச்சையின் ஒரு பகுதியே தொலைந்துபோகிறது என்பது என் கருத்து. மருந்து கொடுக்கும் முகப்பில் வாங்கிய மாத்திரைப் பொட்டலத்தில் ஒன்றைப் பாதி வழியில் தவறவிட்டதற்குச் சமம் அது. டாக்டர் நோயாளியிடம் எப்படிப் பேசுகிறார், எதைக் கேட்கிறார், பதிலை எவ்வளவு நேரம் காத்திருந்து வாங்குகிறார் என்பதையெல்லாம் பண்பு, பொறுமை என்ற கணக்கில் மட்டும் வைத்துவிடுகிறோம். அவற்றையும் அளந்து பார்த்த ஆய்வுகள் இருக்கின்றன.

முதலில் நோயைப் பார்ப்போம். மலாய்க்காரர்கள் இதைக் கெஞ்சிங் மானிஸ் என்பார்கள். நம் வீடுகளில் இனிப்பு நீர். பாடநூல் தமிழில் நீரிழிவு. 2019ஆம் ஆண்டு சுகாதார அமைச்சு நடத்திய தேசிய ஆய்வின்படி 18 வயதும் அதற்கு மேலும் ஆன மலேசியர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியர்களை மட்டும் தனியே எடுத்தால் அது 31 விழுக்காட்டைத் தாண்டியது. 2023ஆம் ஆண்டு ஆய்வில் நாட்டின் மொத்த அளவு 15.6 விழுக்காடாக இறங்கியது. ஆனாலும் இந்தியர்களிடையேதான் இது இன்னும் அதிகம்.

நம் வட்டாரத்துக்கும் சீனிக்கும் பழைய உறவு ஒன்று உண்டு. இன்று கிரியான் என்றால் நெல்வயல் நினைவுக்கு வருகிறது. ஆனால் இங்கே ரப்பர் வருவதற்கு முன்பே கரும்புத் தோட்டங்கள் இருந்தன. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறி வந்த தமிழர்கள் பலர் வெட்டியது கரும்பைத்தான். இன்று அந்தச் சீனி நம் குவளைக்குள் வேறு வடிவில் இருக்கிறது. தே தாரிக்கில் ஊற்றும் இனிப்பூட்டிய கெட்டிப்பாலின் எடையில் ஏறக்குறைய பாதி சீனிதான். டின்னில் அடைத்த இனிப்பு பானங்களுக்கு அரசாங்கம் 2019 ஜூலை முதல் லிட்டருக்கு 40 காசு வரி போட்டது. கடைக்காரர் நம் கண்ணெதிரே ஆற்றித் தரும் தே தாரிக்குக்கு அந்த வரி கிடையாது. ஆக, "குராங் மானிஸ்" என்று சொல்வதா வேண்டாமா என்பது கடை மேசையில் உட்கார்ந்திருப்பவரின் முடிவாகவே இருக்கிறது.

இனி ஒரு சின்னக் கணக்கு. சிவப்பணுக்கள் ஏறத்தாழ 120 நாள் வாழ்கின்றன. இரத்தத்தில் இருக்கும் குளுக்கோஸ் அவற்றின் ஹீமோகுளோபினில் ஒட்டிக்கொள்கிறது. எவ்வளவு ஒட்டியிருக்கிறது என்று அளப்பதுதான் எச்பிஏ1சி பரிசோதனை. முந்தின நாள் மட்டும் பட்டினி கிடந்து இதை ஏமாற்ற முடியாது. கடந்த இரண்டு மூன்று மாத வாழ்க்கை அதில் பதிந்திருக்கும். பாட்டி மூன்று மாதத்துக்கு ஒரு முறை டாக்டரைப் பார்க்கிறார், ஒவ்வொரு முறையும் பத்து நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 40 நிமிடம். ஓர் ஆண்டில் 8,760 மணி நேரம் இருக்கிறது. அந்த 40 நிமிடம் போக மீதி எல்லா நேரத்திலும் பாட்டியின் வைத்தியர் பாட்டியேதான். எந்தக் குவளையை எடுப்பது, மாத்திரையைச் சாப்பாட்டுக்கு முன் போடுவதா மறந்துவிடுவதா, மாலையில் நடப்பதா சீரியல் பார்ப்பதா என்று முடிவெடுப்பவர் அவர்தான்.

அப்படியானால் அந்த 40 நிமிடத்தில் டாக்டர் என்ன செய்ய வேண்டும்? பலர் செய்வது எச்சரிக்கை. "இப்படியே போனால் காலை எடுக்க வேண்டி வரும்", "கிட்னி போய்விடும்". சொல்வது உண்மைதான். ஆனால் உண்மையைச் சொன்னதால் பழக்கம் மாறிவிடுமா என்பது வேறு கேள்வி.

உங்களையே வைத்துச் சோதியுங்கள். கைத்தொலைபேசியை வைத்துவிட்டுப் படிக்கப் போகலாம் என்று நீங்களே எழ நினைக்கிறீர்கள். அந்த நேரம் பார்த்து அம்மா, "எந்நேரமும் போன்தானா? வச்சிட்டுப் போய்ப் படி!" என்கிறார். எழ நினைத்த கால்கள் அப்படியே நின்றுவிடுகின்றன அல்லவா? நம் சுதந்திரத்தை யாரோ பறிப்பதாகத் தோன்றினால் அதை மீட்கவே மனம் முதலில் பாய்கிறது. அமெரிக்க உளவியலாளர் ஜாக் பிரெம் 1966இல் இதை ஒரு கோட்பாடாகவே விளக்கினார். பாட்டிக்கு வயது 70 ஆனாலும் இந்த விஷயத்தில் அவரும் உங்களைப் போலத்தான்.

மருத்துவ உரையாடலில் இதை ஆழமாகக் கவனித்தவர் வில்லியம் மில்லர். அமெரிக்காவைச் சேர்ந்த உளவியலாளர். குடிப்பழக்கத்திலிருந்து மீள வருபவர்களுக்கு உதவியவர். அந்தக் காலத்தில் அங்கே வழக்கமான முறை மோதல்தான்: "நீ ஒரு குடிகாரன், அதை ஒத்துக்கொள்" என்று நெருக்குவார்கள். 1982இல் மில்லர் நார்வேக்குச் சென்றிருந்தபோது, அங்கிருந்த இளம் உளவியலாளர்கள் அவரைப் பேசிக் காட்டச் சொன்னார்கள். நடுநடுவே நிறுத்தி, "ஏன் இந்தக் கேள்வியைக் கேட்டீர்கள்? ஏன் அதைக் கேட்கவில்லை?" என்று துளைத்தார்கள். அதற்குப் பதில் சொல்லச் சொல்லத்தான் தாம் செய்வது என்னவென்று அவருக்கே தெளிவானது. மாற வேண்டியதற்கான காரணத்தைத் தாம் சொல்லாமல், எதிரே இருப்பவரின் வாயிலிருந்தே வரவழைக்கிறார். 1983இல் அதைக் கட்டுரையாக எழுதினார். பிறகு ஸ்டீபன் ரோல்னிக் என்பவரோடு சேர்ந்து 1991இல் நூலாக்கினார். இன்று ஊக்கமூட்டும் நேர்காணல் என்ற பெயரில் உலகெங்கும் கற்பிக்கப்படுவது அதுதான். (நல்ல கேள்வி கேட்டு நச்சரிக்கும் மாணவர்கள் எனக்கும் பிடிக்கும். அவர்களால் விளையும் நன்மைக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைக்காது.)

1993இல் மில்லரும் அவருடைய குழுவினரும் இதைச் சோதித்தார்கள். வந்தவர்களில் யாருக்குக் கண்டிப்பான ஆலோசனை, யாருக்குக் கேட்டறியும் ஆலோசனை என்பதைக் குலுக்கல் முறையில் பிரித்தார்கள். கண்டிப்பான ஆலோசனை பெற்றவர்கள் அதிகமாக எதிர்வாதம் செய்தார்கள். அதோடு, ஆலோசகர் எவ்வளவு அதிகம் மோதினாரோ அவ்வளவு அதிகமாக அவரிடம் வந்தவர் ஓராண்டு கழித்துக் குடித்துக்கொண்டிருந்தார்.

இங்கே கொஞ்சம் நில்லுங்கள், இது அறிவியல் பக்கம். இரண்டாவது முடிவு ஓர் இணைத்தொடர்பு மட்டுமே. மோதியதால் குடித்தாரா, அல்லது முரண்டு பிடிப்பவரிடம் ஆலோசகர் பொறுமையிழந்து மோதினாரா என்று அதை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. முதல் முடிவு அப்படி இல்லை. குலுக்கிப் பிரித்திருப்பதால், எதிர்வாதம் கூடியதற்குப் பேச்சு முறையே காரணம் என்று துணிந்து சொல்லலாம். செய்தித்தாளில் எந்த ஆய்வைப் படித்தாலும் எது குலுக்கல், எது வெறும் இணைத்தொடர்பு என்று பிரித்துப் பாருங்கள்.

இந்தப் பேச்சு முறை நம் ஊர்க் கிளினிக்கில் எப்படி இருக்கும்? கற்பனையாக ஒன்று.

"ஆன்ட்டி, சீனியைக் குறைப்பது உங்களுக்கு எவ்வளவு முக்கியம்? பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் ஓர் எண் சொல்லுங்கள்."

"ஒரு நாலு, டாக்டர்."

இந்த இடத்தில் நம்மில் பலர், "ஏன் நாலுதான்? பத்து இல்லையா?" என்று கேட்டுவிடுவோம். கேட்டால் பாட்டி தம் சிரமங்களை வரிசையாக அடுக்குவார்: பழகிப்போச்சு, கசக்குது, தலைவலி வருது. மாறாமல் இருப்பதற்கான காரணங்களை அவரே சொல்லி அவரே கேட்டுக்கொள்வார். பயிற்சி பெற்ற டாக்டர் வேறு மாதிரி கேட்பார்.

"நாலா? சரி. ஏன் ஒன்று, இரண்டு என்று சொல்லவில்லை?"

பாட்டி யோசிப்பார். "கண்ணு மங்கிட்டே வருது டாக்டர். பேத்தி கல்யாணத்தைப் பார்க்கணும்."

பத்துக்கு ஏன் வரவில்லை என்று கேட்பதற்கும் ஒன்றுக்கு ஏன் இறங்கவில்லை என்று கேட்பதற்கும் உள்ள வேறுபாட்டைக் கவனித்தீர்களா? இரண்டாவது கேள்வி பாட்டியை மாற்றத்தின் பக்கம் நின்று பேச வைக்கிறது. டாக்டர் சொல்லும் கால், கிட்னியைவிடப் பேத்தி கல்யாணம் பாட்டிக்குச் சொந்தமான காரணம். அதன் பிறகு டாக்டர், "கண்ணையும் சர்க்கரையையும் பற்றி இரண்டு விஷயம் சொல்லட்டுமா?" என்று அனுமதி கேட்டுச் சொன்னால் பாட்டி காது கொடுப்பார்.

பேச்சு மட்டும் போதுமா, உடம்பில் ஏதாவது மாறுமா என்று கேட்பவர்களுக்குச் சென்னையில் பதில் இருக்கிறது. டாக்டர் ஏ. ராமச்சந்திரன் தலைமையிலான குழு, நீரிழிவின் வாசலில் நின்ற 531 பேரை நான்கு பிரிவாகப் பிரித்து மூன்று ஆண்டு பின்தொடர்ந்தது. ஒரு பிரிவுக்கு வழக்கமான அறிவுரை மட்டும். ஒரு பிரிவுக்கு உணவு, நடை பற்றித் தொடர்ந்து தனிப்பட்ட ஆலோசனை; நேரிலும் தொலைபேசியிலும். ஒரு பிரிவுக்கு மெட்ஃபோர்மின் மாத்திரை. கடைசிப் பிரிவுக்கு ஆலோசனையும் மாத்திரையும். 2006இல் முடிவு வெளியானது. முதல் பிரிவில் 55 விழுக்காட்டினர் நீரிழிவு நோயாளிகளாகிவிட்டார்கள். ஆலோசனைப் பிரிவில் 39.3. மாத்திரைப் பிரிவில் 40.5. இரண்டும் பெற்றவர்களில் 39.5.

கால்குலேட்டரை எடுங்கள். 55இலிருந்து 39.3ஐக் கழித்து 55ஆல் வகுத்தால் 28.5 விழுக்காடு குறைவு. மாத்திரை தந்த பலனை ஆலோசனையும் தந்திருக்கிறது. இரண்டையும் சேர்த்துக் கொடுத்தபோது கூடுதல் பலன் இல்லை என்பது எனக்கே வியப்பு. அதே சமயம் ஆலோசனை பெற்றவர்களிலும் 100க்கு 39 பேருக்கு நோய் வந்துவிட்டதையும் மறைக்கக் கூடாது. இது மந்திரம் இல்லை.

அதே குழு பிறகு 537 ஆண்களிடம் இன்னொரு சோதனை செய்தது. எல்லாருக்கும் தொடக்கத்தில் ஆலோசனை. பாதிப் பேருக்கு மட்டும் கூடுதலாகக் கைத்தொலைபேசிக் குறுஞ்செய்திகள். எல்லாருக்கும் ஒரே செய்தி போகவில்லை என்பதுதான் இதில் எனக்குப் பிடித்த அம்சம். இன்னும் யோசிக்கவே ஆரம்பிக்காதவரா, யோசித்துக்கொண்டிருப்பவரா, நடக்கத் தொடங்கிவிட்டவரா என்று பார்த்து, அந்தக் கட்டத்துக்கு ஏற்ற செய்தி போனது. இரண்டு ஆண்டு முடிவில் செய்தி பெற்றவர்களில் 18 விழுக்காட்டினருக்கும் பெறாதவர்களில் 27 விழுக்காட்டினருக்கும் நீரிழிவு வந்தது. 2013இல் வெளியான ஆய்வு இது. உங்கள் வீட்டுப் புலனக் குழுவில் தினமும் வந்து விழும் "வெந்தயத் தண்ணீர் குடித்தால் சர்க்கரை ஓடிவிடும்" வகைச் செய்திகளை இதனோடு ஒப்பிட வேண்டாம். அவை யாருக்கு, எந்தக் கட்டத்தில் என்று பார்த்து அனுப்பப்படுபவை அல்ல.

காரணம் கிடைத்துவிட்டால் மட்டும் போதாது, எப்போது, எங்கே, எப்படி என்பதும் வேண்டும். 1965இல் யேல் பல்கலைக்கழகத்தில் ஹோவர்ட் லெவந்தால் குழு, மாணவர்களிடம் டெட்டனஸ் ஊசி பற்றிய கையேடுகளைக் கொடுத்தது. சிலருக்குப் பயங்கரமான படங்களோடு, சிலருக்குச் சாதாரணமாக. பயந்தவர்கள் ஊசி போடுவது நல்லது என்று அதிகமாகச் சொன்னார்கள். ஆனால் உண்மையில் போய் ஊசி போட்டுக்கொண்டவர்களை எண்ணியபோது கதை வேறு. கிளினிக் எங்கே என்று வரைபடம் கொடுத்து, வாரத்தில் எப்போது போகலாம் என்று யோசிக்க வைக்கப்பட்டவர்களில் சுமார் 28 விழுக்காட்டினர் போனார்கள். அது கிடைக்காதவர்களில் சுமார் 3 விழுக்காட்டினர். படத்தைப் பார்த்துப் பயந்தவர்களுக்கும் கால்கள் நகர ஒரு வரைபடம் தேவைப்பட்டது. "நடங்கள்" என்று பாட்டியிடம் சொல்வதைவிட, "எந்த நேரம், யாரோடு, எதுவரை?" என்று கேட்பது ஏன் மேல் என்று இப்போது தெரிகிறதா?

நீங்கள் மறுத்துப் பேசலாம். டாக்டருக்கு நேரம் எங்கே? வெளியே எண் அட்டையோடு நூறு பேர் காத்திருக்கிறார்கள். நியாயம்தான். ஆனால் சிறு பேச்சுக்கும் பலன் உண்டு. 1979இல் இலண்டனில் மைக்கல் ரஸ்ஸல் குழு 2,138 புகைப்பவர்களை ஆராய்ந்தது. டாக்டர் ஓரிரு நிமிடம் புகையை விடச் சொல்லி, ஒரு துண்டறிக்கை கொடுத்து, "மறுபடி விசாரிப்போம்" என்று சொல்லி அனுப்பியவர்களில் 5.1 விழுக்காட்டினர் உடனே விட்டு ஓராண்டு கழித்தும் புகைக்காமல் இருந்தார்கள். எதுவும் சொல்லப்படாதவர்களில் 0.3 விழுக்காடு. ஐந்து என்பது சிறிய எண்தான். ஆனால் ஒரு நாட்டின் எல்லா டாக்டர்களும் தினமும் செய்தால் எத்தனை பேர் என்று பெருக்கிப் பாருங்கள்.

"திட்டுகிற டாக்டர்தான் நல்ல டாக்டர்" என்று சொல்லும் தாத்தாக்களும் இருக்கிறார்கள். கண்டிப்பை அக்கறையாக எடுத்துக்கொள்ளும் பழக்கம் நம்மிடம் உண்டு, நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தத் தாத்தா டாக்டரைப் புகழ்கிறாரா, பழக்கத்தை மாற்றினாரா என்று இரண்டையும் தனித்தனியே கேளுங்கள். மாரடைப்போடு வருபவரிடம் கேள்வி கேட்டுக்கொண்டிருக்க முடியாது. அங்கே கட்டளைதான் சரி. இன்னொன்றையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். புகைப்பழக்கத்தை விடுவதில் ஊக்கமூட்டும் நேர்காணல் உதவுகிறதா என்று 2019இல் 37 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த காக்ரேன் குழு, உறுதியாகச் சொல்லும் அளவுக்குச் சான்று இல்லை என்றது. ஆகவே இதை எல்லாப் பூட்டுக்கும் ஒரே சாவியாக நான் விற்கவில்லை. இரவு ஷிப்டில் வேலை செய்பவருக்கு நடக்க நேரமில்லை, மலிவான சாப்பாடே மாவும் எண்ணெயுமாக இருக்கிறது என்றால் எந்தக் கேள்வியும் அதைத் தீர்க்காது.

ஆனாலும் மாத்திரை கொடுக்கும் முறைக்குப் பயிற்சி அளிப்பதுபோல் கேள்வி கேட்கும் முறைக்கும் கிளினிக்குகளில் பயிற்சி வேண்டும் என்பேன். தாதியருக்கும் மருந்தாளருக்கும் சேர்த்துத்தான். பாட்டியோடு அதிக நேரம் பேசுபவர்கள் அவர்கள்தான். தமிழ் தெரிந்த ஒருவர் எந்தக் கிழமை பணியில் இருப்பார் என்று சொன்னால் முதியவர்கள் அந்த நாளில் வர முடியும். உண்மையில் 15 வயதுப் பிள்ளையை மொழிபெயர்க்க வைப்பதே சரியல்ல. பேத்தி எதிரில் பாட்டி சொல்லக் கூச்சப்படும் விஷயங்கள் எத்தனையோ இருக்கும்.

அந்த ஏற்பாடு வரும்வரை நீங்கள்தான் போகப் போகிறீர்கள். டாக்டர் கேட்டால் கேள்வியாகவே சொல்லுங்கள்: "பாட்டி, ஒரு நாளைக்கு எத்தனை தடவை தே குடிப்பீங்கன்னு டாக்டர் கேக்குறாரு." பிறகு வாயை மூடிக்கொண்டு காத்திருங்கள். 1984இல் பெக்மனும் ஃபிராங்கலும் 74 மருத்துவச் சந்திப்புகளைப் பதிவு செய்து பார்த்தபோது, நோயாளி பேசத் தொடங்கிச் சராசரியாக 18 வினாடியில் டாக்டர் குறுக்கிட்டிருந்தார். நீங்களும் குறுக்கிட்டால் பாட்டிக்கு மிஞ்சுவது எத்தனை வினாடி? பாட்டி ஆறு தடவை என்றால் ஆறு என்றே சொல்லுங்கள். அவரைக் காப்பாற்றுவதாக நினைத்து இரண்டாக்காதீர்கள். ஆறு என்று தெரிந்தால்தான் டாக்டர் மருந்தின் அளவைச் சரியாகத் தீர்மானிக்க முடியும்.

பாட்டி தம் வாயால் ஒரு முடிவைச் சொன்னால், "காலையில தே குடிக்கிறேன், சாயங்காலம் மட்டும் தே ஓ கோசோங் குடிக்கிறேன்" என்பது போல, அதை அப்படியே, அவர் சொன்ன தமிழிலேயே ஒரு தாளில் எழுதித் தேதி போட்டு, கிளினிக் அட்டைக்குள் வையுங்கள். நீங்களாக "சீனியைத் தவிர்க்கவும்" என்று திருத்தி எழுத வேண்டாம். மூன்று மாதம் கழித்து எச்பிஏ1சி முடிவு வரும் நாளில் அந்தத் தாளையும் எடுத்துப் போய், இரண்டையும் பக்கத்தில் வைத்து டாக்டரிடமும் பாட்டியிடமும் காட்டுங்கள்.